எனக்கு வைத்த ஒப்பாரி

சென்ற மாதம் ஒரு மாலை நேரம், என் வீட்டுச் சீமெந்துத் தரையில் நான் செத்துக் கிடந்தேன்.

பதற வேண்டாம். செத்துவிட்டேன் என்று நினைத்தது பக்கத்து வளவு மங்கையக்கா. நினைத்ததோடு நிற்கவில்லை — தலைமாட்டில் குந்தியிருந்து ஒப்பாரியும் வைத்துவிட்டார். ஒரு சொல் விடாமல் கேட்டேன். தனக்கு வைக்கும் ஒப்பாரியைத் தானே கேட்கும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் விளங்கும். 'உங்கள் பத்தியைப் படித்து விழுந்து விழுந்து சிரித்தோம்' என்று வாசகர்கள் நீங்கள் கடிதம் போடுகிறீர்கள். சந்தோசம். ஆனால் ஒன்றை இதுவரை நான் உங்களிடம் சொல்லவில்லை... நான் சிரித்தால் விழுந்துவிடுவேன்.

பகிடியில்லை. உண்மையாகவே விழுவேன்.

ஆசிரியப் பயிற்சிக் கலாசாலையில், பத்தொன்பது வயதில் ஆரம்பித்தது. தோழி ஒருத்தி ஏதோ சொன்னாள்; சிரித்தேன். தாடை தொங்கியது, கழுத்துச் சரிந்தது, முழங்கால் இரண்டும் மடிந்தன. நினைவு தப்பவில்லை. கை அசையாது, வாய் பேசாது, இமை திறக்காது; காது மட்டும் எல்லாவற்றையும் கேட்கும். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் — எழுந்துவிடுவேன். சிரிப்பு அடங்காவிட்டால் அதுவும் அடங்காது. போதாததற்குப் பகலில் கண்ணைச் சுழற்றும் நித்திரை வேறு.

வலிப்பு என்று கையில் இரும்புச் சாவிகள் கோர்த்த திறப்புக்கோர்வையைத் திணித்தார்கள். பேய் என்று நூல் கட்டினார்கள். கடைசியில் கொழும்பில் ஒரு டொக்டர்தான் கண்டுபிடித்தார். 'கட்டப்ளெக்ஸி' என்று பெயராம். எங்கோ அபூர்வமாக யாருக்கோ வருவதாம்.

"சிரிப்பு வந்த உடன, நித்திரையிலை தளருற மாதிரி உங்கட தசையெல்லாம் தளர்ந்து போகுது, பிள்ளை. உயிருக்கு ஆபத்தில்லை. பகல் நித்திரைக்குக் குளிசை தாறன். மற்றதுக்கு... சிரிக்கிறதைக் குறைச்சுக்கொள்ளுங்கோ."

சொல்லிவிட்டு டொக்டர் சிரித்தார். அவரால் முடியும்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணா கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "இதை ஒருத்தருக்கும் சொல்லாதை. கலியாணமும் நடவாது, வேலையும் போயிடும்." நான் சொல்லவில்லை. வேலை போகவில்லை. கலியாணம், சொல்லாமலே நடக்கவில்லை.

கிளிநொச்சிப் பக்கம் காடு வெட்டி உண்டாக்கிய குடியேற்றத் திட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஆள் தேடினார்கள். யானை, பாம்பு, மலேரியா என்று மற்றவர்கள் பின்வாங்க, நான் கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். ஆட்கள் குறைந்த இடத்தில் சிரிப்பும் குறைவாகத்தானே இருக்கும்?

பிழையான கணக்கு. வேலிக்கு அந்தப் பக்கம் மங்கையக்கா இருந்தார்.

வயல் காணி கிடைத்து வடமராட்சியிலிருந்து புருசனோடு வந்தவர். நீர்ப்பாசன ஓவசியர் வாய்க்காலுக்குள் வழுக்கி விழுந்துவிட்டு, ஆழம் பார்த்தேன் என்று சமாளித்ததை அவர் நடித்துக் காட்டினால், கிணற்றடிப் பெண்கள் கயிற்றைக் கைவிட்டுவிடுவார்கள். வாளி உள்ளே போய்விடும்.

கிணற்றுக் கட்டில் நின்று நான் சிரித்தால்? நானும் உள்ளேதான்.

ஆகவே அவர் கதை தொடங்கியதும் மனதுக்குள் பதினேழாம் வாய்ப்பாடு சொல்வேன். அம்மாவின் செத்தவீட்டை நினைப்பேன். அதுவும் பலிக்காவிட்டால் பாதிக் கதையில் எழும்பிப் போய் வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்வேன். கொலனிச் சனம் எனக்கு வைத்த பெயர் 'கருங்கல் ரீச்சர்'.

ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கம் மங்கையக்கா யாருக்கோ சொன்னது கேட்டது: "படிச்ச ஆக்களுக்கு எங்கட கதை நாறும். பெருமை பிடிச்சது. விடு."

அதன்பின் அவர் என் வாசற் படலைக்கு வரவில்லை. யாருமே வரவில்லை. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டால் திங்கட்கிழமை காலை வரை என் குரலை நானே கேட்பதில்லை. சில ஞாயிறுகளில் குரல் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே அரிசியில் கல் பொறுக்கும்போது சத்தமாக எண்ணியிருக்கிறேன்.

ஆனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். பின்னேரங்களில் மங்கையக்காவின் முற்றத்தில் பெண்கள் கூடுவார்கள். அந்த நேரம் பார்த்து, வேலிப்பக்கத்துச் சுவரோரம் தரையில் நீட்டி நிமிர்ந்து படுத்துவிடுவேன். படுத்திருப்பவள் எங்கே விழுவது? கதை சுவரைத் தாண்டி வரும். நான் தாராளமாகச் சிரிப்பேன் — சத்தம் வராது, முகம் அசையாது, உடம்பு முழுக்கத் துவண்டு கிடக்கும். உள்ளே மட்டும் சிரிப்பு அலை அலையாக ஓடும்.

என் நாளின் மிகச் சிறந்த அரைமணி நேரம் அதுதான். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை.

சென்ற மாதமும் அப்படித்தான் கிடந்தேன். அன்றைக்கு, ஓவசியர் சைக்கிளோடு மாட்டு மந்தைக்குள் மாட்டிக்கொண்ட கதை. பெண்கள் கலைந்து போன பிறகும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. வயலுக்குத் தண்ணீர் முறை தவறிப் போனதற்கு நீர்ப்பாசனக் கந்தோருக்குக் கடிதம் எழுதுவிக்க வேண்டும் என்று, ரோசத்தை விட்டு மங்கையக்கா வந்திருக்கிறார். கதவு சும்மாதான் சாத்தியிருந்தது.

"ரீச்சர்?... ரீச்சர்! ஐயோ, ரீச்சர் செத்துப் போனா!"

கையைத் தூக்கினார், அது தொப்பென்று விழுந்தது. மூக்கில் விரல் வைத்துப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. மார்பில் அடித்துக்கொண்டு தொடங்கிவிட்டார்.

"என்ர ராசாத்தி! சீலை கசங்காமல் நடந்தவளே, சீமெந்தில கிடக்கிறியே! ஒரு வாய் தண்ணி தர ஆளில்லாமல் போனியே! ஊரெல்லாம் சிரிச்ச கதைக்கு ஒருக்காலும் பல்லைக் காட்டாமல் போனியே! ஐயோ, உன்ர அண்ணைக்குத் தந்தியடிக்க விலாசமும் தெரியாதே! என்ர தண்ணி முறைக் கடிதத்தை இனி ஆரடி எழுதுவாள்!"

அந்தக் கடைசி வரிதான் என்னைக் கெடுத்தது. எழும்பப் போனவளுக்கு மறுபடி சிரிப்பு வந்து, மறுபடி செத்தேன்.

ஆனால் இன்னொன்றும் நடந்தது. அம்மா போனபின் என்னை 'நீ' என்று உரிமையோடு கூப்பிட்டு அழுதவர் யாருமில்லை. சிரிப்புக்கு நடுவிலேயே கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது.

ஒப்பாரி நின்றது. "செத்த ஆள் அழுமோ?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு, விலாவில் ஒரு குத்து விட்டார்.

எழும்பியிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். பதினொரு வருடத்தில் அண்ணாவின் கட்டளையை மீறியது அன்றைக்குத்தான். மங்கையக்கா மெதுவாகக் கேட்டார்: "அப்ப... நான் கதைக்கேக்க எழும்பிப் போறது?"

"சிரிப்பு வந்தபடியால், அக்கா."

"கதவைச் சாத்தினது?"

"கனக்கச் சிரிப்பு வந்தபடியால்."

சீலைத் தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டார். "நான் உங்களை என்னவெல்லாம் சொல்லிப்போட்டன்..."

"ஓம். கேட்டனான்."

கதை இங்கே சுபமாக முடிந்திருக்க வேண்டும், இல்லையா? முடியவில்லை. அடுத்த நாள் கொலனி முழுவதற்கும் தெரிந்துவிட்டது. கருங்கல்லாக இருந்தவள் ஒரே இரவில் லாம்புச் சிமினிக் கண்ணாடி ஆகிவிட்டேன் — தொட்டால் உடைந்துவிடுவேனாம். கிணற்றடிக்கு நான் போனால் சிரிப்பு நின்றுவிடும். மங்கையக்கா தினமும் வந்தார். ஆனால் என்ன கதைத்தார்? கனகராயன்குளத்தில் பாம்பு கடித்தவர், ஆனையிறவு உப்பளத்தில் மயங்கி விழுந்தவர், பால் வற்றிய மாடு... மூன்று கிழமையாகத் துக்கச் செய்தி மட்டும்.

முன்பு என்னை வெறுத்து ஒதுங்கினார்கள். இப்போது இரக்கப்பட்டு ஒதுங்கினார்கள். வீட்டுக்குள் இருக்கும் எனக்கு இரண்டும் ஒரே அமைதியாகத்தான் கேட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை பொறுக்க முடியவில்லை. "அக்கா, ஓவசியர் எப்பிடி இருக்கிறார்?" என்றேன்.

"வேண்டாம் ரீச்சர். அந்தப் பழி எனக்கு வேண்டாம்."

பாயை விரித்துப் படுத்துக்கொண்டேன். "இனி விழுறதுக்கு இடமில்லை. சொல்லுங்கோ."

மங்கையக்கா பக்கத்தில் சம்மணம் கட்டியிருந்து என் கையைப் பிடித்துக்கொண்டு தொடங்கினார். நான் துவண்டு போனதும் குரல் ஒரு கணம் நடுங்கியது. ஆனால் நிறுத்தவில்லை, கையையும் விடவில்லை. முடிந்ததும் என் வாயோரம் வழிந்ததைத் தன் சீலையால் துடைத்துவிட்டு, "நல்லாச் சிரிச்சியோ?" என்று கேட்டார்.

பதில் சொல்ல எனக்கு இரண்டு நிமிடம் எடுத்தது. காத்திருந்தார்.

மற்றவர்கள் இன்னும் பழகவில்லை. ஆகவே வாசகர்களே, எங்காவது என்னைக் கண்டால் தயவுசெய்து துக்க முகம் காட்டாதீர்கள் — முதலில் உட்கார ஒரு கதிரை தாருங்கள், பிறகு பகிடியைச் சொல்லுங்கள்.