கல்யாண நோட்டீஸுக்கு அடியில் இருந்தவர்கள்

செகரட்டரி அண்ணன் மௌஸை இரண்டு கையாலும் பிடிப்பார். வலது கை மௌஸின் மேல், இடது கை வலது கையின் மேல். விட்டால் அது மேசையிலிருந்து குதித்து ஓடிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளின் சங்கத்துக்கு அவர்தான் செகரட்டரி. கோலார் தங்கவயலை விட்டு பெங்களூருக்கும் ஓசூருக்கும் போய்விட்டவர்கள், ஊரில் யார் செத்தார்கள், யாருக்குக் கல்யாணம் என்று தெரிந்துகொள்ள சங்கத்துக்கு ஒரு வெப்சைட் இருக்கிறது. செய்துகொடுத்தவன் நான், தினமும் ரயிலில் பெங்களூர் போய் அந்த வேலையைத்தான் செய்கிறேன். நோட்டீஸ் எழுதிப் போடுவது அவர்.

வெற்றுப் பக்கத்தில் அவர் ஒருநாளும் எழுதத் தொடங்கியதில்லை. போன நோட்டீஸைக் காப்பி எடுத்து, அதன் தலைமாட்டில் புதியதை எழுதுவார். கட்டமும் பெரிய எழுத்தும் தானாக வந்துவிடும் அல்லவா? எல்லா நோட்டீஸுக்கும் கீழே நீளமாக ஒரு வெள்ளை இடம் கிடக்கும். நோட்டீஸ் எழுதுகிற எடிட்டர் சாஃப்ட்வேர் சேர்க்கிற குப்பை என்று நான் முடிவு கட்டியிருந்தேன். ஒருமுறை கேட்டேன்.

“இன்னாண்ணே, நாலு வரி நோட்டீஸு, இம்மாம் நீளம் கீது?”

“இன்னாத்துக்கு உனக்கு அளவு? நீ இன்னா தாசில்தாரா? உக்காரு, டீ வருது” என்றார். டீ வந்தது. நானும் விட்டுவிட்டேன்.

மகளின் கல்யாண நோட்டீஸைத் தன் கையாலேயே போட்டார். அடுத்த வாரம் மாரடைப்பில் போய்விட்டார். பங்காருபேட்டைக்கார சம்பந்தி வீட்டில் சிலர் சகுனம் பேசினார்கள். பிள்ளையின் அப்பாதான், குறித்த தேதியிலேயே நடக்கட்டும் என்று வாயடைத்தார். அவர் பேச்சின் மேல்தான் அந்தக் கல்யாணம் நின்றுகொண்டிருந்தது.

எனக்கு அழுகை வரவில்லை. மண் போட்டேன், கை கழுவினேன், இட்லி தின்றேன். உள்ளே ஏதோ பல் டாக்டர் ஊசி போட்டதுபோல இருந்தது. துக்கத்தில் சிலர் வீட்டைக் கழுவுவார்கள். நான் வெப்சைட்டைக் கழுவினேன். எடிட்டரில் ஓர் எழுத்துக்கு நிறம் கொடுத்தால், அந்த எழுத்தின் மேல் அது ஒரு சீட்டை ஒட்டும். அந்தச் சீட்டுக்கு என்ன நிறம் என்பது ஸ்டைல் ஃபைலில் தனியாக இருக்கும். யாருமே பயன்படுத்தாத சீட்டுகளைத் தேடி, அந்த ஃபைலிலிருந்து அவற்றை எடுத்துவிட ஒரு கருவி உண்டு. ஓட்டினேன். ஃபைல் பாதியாக இளைத்தது. அந்த வாரத்தில் எனக்குக் கிடைத்த ஒரே திருப்தி அதுதான். ஆனால் அந்தக் கருவி வெப்சைட்டின் எலும்புக்கூட்டில் மட்டுமே தேடியிருக்கிறது. நோட்டீஸ்கள் கிடப்பதோ டேட்டாபேஸில். அங்கேயும் எட்டிப்பார் என்று சொல்ல வேண்டியவன் நான்.

மறுநாள் காலை ரயில் பங்காருபேட்டையில் நிற்கும்போது அண்ணியின் போன். “தம்பி, பொண்ணு மாப்ள பேருக்குக் கீழ செத்தவங்க பேரா வந்து நிக்குது தம்பி! சம்பந்தி வீட்டு ஆளுங்க வாட்ஸ்அப்ல அனுப்பினுகீறாங்க!”

திறந்து பார்த்தேன். மணமகன், மணமகள், முகூர்த்தம். அதற்குக் கீழே காலமானார், காலமானார், காலமானார் என்று ஒரு வரிசை, பந்திக்கு இடம் பிடித்தவர்களைப்போல.

நான் ரயிலை விட்டு இறங்கினேன். நிதானமாகத்தான் இறங்கினேன் என்று சொல்ல ஆசை. ஒரு செருப்பு பெட்டியிலேயே தங்கிவிட்டது. பிளாட்பார பெஞ்சில் லேப்டாப்பைத் திறந்து மூன்று முறை தவறான பாஸ்வேர்டைப் போட்டேன்; மூன்று முறையும் கரண்ட் பில்லுக்கான பாஸ்வேர்டு.

“எப்படி அண்ணி அவ்ளோ பேரு உள்ள இருந்தாங்க?”

“செத்தவங்க பேரை என் கையால அழிக்க மாட்டேம்பாரு. கீழ தள்ளிட்டு வெள்ளை கலர் குடுத்துருவாரு. உனுக்குத் தெரியாதா?”

தெரியாது. நான் குப்பை என்று நினைத்தது அந்த வெள்ளை. கருவி வீசியதும் அதைத்தான். ஸ்டைல் ஃபைலில் ஒரே ஒரு வரி; அது போனதும் பேரெல்லாம் கறுப்பில் எழுந்துவிட்டன. திரும்ப எழுதிச் சேர்த்தேன்; எல்லாரும் சத்தமில்லாமல் மறைந்தார்கள். ஆனால் வாட்ஸ்அப்பில் போனதை மறைக்க என்னிடம் நிறம் இல்லை. ஒற்றைச் செருப்போடு சம்பந்தி வீட்டுக்கு நடந்தேன்.

பிள்ளையின் அப்பா வாசலில் போனைக் கையில் வைத்தபடி நின்றிருந்தார். பின்னால் சகுனம் பேசியவர்கள். நான் எடிட்டர், சீட்டு, ஸ்டைல் ஃபைல் என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

“இந்த மூணாவது பேரு. சுரங்கத்துல ஆளு ஏத்தி எறக்குற கேஜ் கிட்ட மணியடிப்பாரே, அவருதானே?”

“ஆமாங்க.”

“அவரு மணியடிச்சிதான் எங்கப்பா தினம் ஷாஃப்ட்ல இருந்து மேல வந்தாரு.” பின்னால் திரும்பி, அவர்களைப் பார்த்துச் சொன்னார்: “இவரு சாவுக்கு நான் போனேன். என் பையன் கல்யாணத்துக்கு இவரு வந்தா இன்னா கொறஞ்சிடும்?”

அவர் மறுபடி என்னிடம், “பேரெல்லாம் எடுத்துட்டியா?” என்றார்.

“இல்லீங்க. வெள்ளையாக்கிட்டேன்.”

“அப்போ சரி. உள்ள வா, ஒரு செருப்பு தரச் சொல்றேன்.”

கல்யாணம் நடந்தது. போன வருஷம் வரை சங்கத்துக் கல்யாணம் எதுவானாலும் பந்தியில் இலைக்கு இலை குனிந்து, “இன்னும் கொஞ்சம் போடுப்பா இவனுக்கு” என்று என்னை மாட்டிவிடுகிறவர் செகரட்டரி அண்ணன். இந்தத் தடவை பெண்ணுக்கு அப்பா இடத்தில் சித்தப்பா நின்றார். இப்போதாவது அழுகை வரும், வந்தால் கைகழுவும் இடத்தில் போய் நின்றுகொள்ளலாம் என்று ஓரத்து இலையாகப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. பாயசம் வந்தது. நானே கேட்டு இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டேன்.