சொல்லாமல் விட்ட ஒரு வரி

எங்கள் அலுவலகத்தில் வருடத்துக்கு ஒருமுறை எல்லோரையும் வெளியூருக்குக் கூட்டிக்கொண்டு போவது என் பொறுப்பு. மற்றவர்களைப் போல நான் புரோகிராம் எழுதுகிறவள் அல்ல, நிர்வாகப் பிரிவில் இருக்கிறேன். பஸ், சாப்பாடு, அறைகள், டீ-ஷர்ட் அளவு, யாருக்குக் கடலை ஆகாது, யாருடைய குழந்தைக்குப் பால் காய்ச்ச இடம் வேண்டும் எல்லாம் என் நோட்டில் இருக்கும். பெங்களூரில் ஜோகுபாளையத்தில் பிறந்து வளர்ந்தவள், தமிழிலும் கன்னடத்திலும் சரளமாகப் பேசுவேன் என்பதால், இடம் பார்த்துப் பேசி முடிக்கவும் என்னைத்தான் அனுப்புவார்கள்.

அந்த வருடம் நந்தி மலைப் பக்கம் ஒரு ரிசார்ட்டை முடிவு செய்தோம். போவதற்கு இரண்டு வாரம் முன்னால் நான் மட்டும் ஒரு காரில் போய்ப் பார்த்தேன். சுற்றிலும் தைல மரத் தோப்புகள், நடுவே ஓடு வேய்ந்த பன்னிரண்டு காட்டேஜ்கள், புல்வெளி, நீச்சல் குளம். மேலாளர் நல்ல மாதிரி. சமையலறையின் உள்வரை அழைத்துப்போய்க் காட்டினார். எனக்குப் பிடித்துவிட்டது.

கிளம்பும் முன் கைகழுவப் பின்பக்கம் போனபோது, அங்கே ஒரு பெண் துவைத்த படுக்கை விரிப்புகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். நான் போனில் வீட்டுக்குப் பேசியதைக் கேட்டுவிட்டு, "அக்கா, தமிழா?" என்றார்.

"ஆமாம்மா. நீங்க?"

"கோலார் தங்கவயல். இங்க வந்து ஆறு வருஷம் ஆகுது. ரூம் சுத்தம் பண்றது, துணி துவைக்கிறது எல்லாம் நான்தான்." பிறகு கொஞ்சம் தள்ளிப்போய், மேலே கையைக் காட்டினார். "அதப் பாத்தீங்களா?"

தூண்களின் மேல் நின்ற பெரிய தண்ணீர் டேங்கின் அடிவயிற்றில், கறுப்பாக, முறம் முறமாக ஏதோ தொங்கிக்கொண்டிருந்தது. பழைய சாக்கைத் தொங்கவிட்டிருக்கிறார்கள் என்று முதலில் நினைத்தேன். உற்றுப் பார்த்தபோது அதன் மேல் ஓர் அலை ஓடியது. எண்ணிப் பார்த்தேன், ஏழு இருந்தன.

"மலைத்தேனீ. இங்க கன்னடத்துல ஹெஜ்ஜேனும்பாங்க. மழ முடிஞ்சதும் வருதுங்க, வெயில் ஏறுனா போயிடுதுங்க. நாம சும்மா இருந்தா அதுங்களும் சும்மா இருக்கும். பொக மட்டும் ஆகாது. செண்டு வாசன, பட்டாசு, கல்லு விடறது, எதுவும் ஆகாது. ஒன்னு கொட்டுச்சுன்னா அந்த வாசனைக்கே மத்ததெல்லாம் வந்துடும். போன வருஷம் ஒரு கன்னுக்குட்டி செத்துப்போச்சு. உங்க ஆளுங்ககிட்ட சொல்லிக் கூட்டினு வாங்கக்கா."

திரும்பிப்போய் மேலாளரிடம் கேட்டேன். அவர் கன்னடத்தில், குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "மேடம், வருஷா வருஷம் வருது, தானா போயிடுது. இதுவரைக்கும் எந்த விருந்தாளிக்கும் ஒன்னும் ஆகல. கலைக்கப்போனாத்தான் ஆபத்து. போர்டு எழுதி வெச்சா யார் வருவாங்க, சொல்லுங்க."

அவர் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதியை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

ஆனாலும் அலுவலகத்துக்கு வந்து, எல்லோருக்கும் அனுப்பவேண்டிய மெயிலில் எழுதத்தான் செய்தேன். பஸ் எத்தனை மணிக்கு, எதை எடுத்துவர வேண்டும் என்பதற்கெல்லாம் கீழே ஒரு வரி: வளாகத்தில் மலைத்தேனீக் கூடுகள் இருக்கின்றன, புகை வரும் எதையும் கொண்டுவர வேண்டாம், தேனீ கொட்டினால் ஒவ்வாமை உள்ளவர்கள் என்னிடம் முன்கூட்டியே சொல்லவும். அனுப்பும் முன் எங்கள் பிரிவுத் தலைவரிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு, "கடைசி லைன் வேணாமே. பசங்கள கூட்டிட்டு வர்றவங்க பயந்துடுவாங்க. பாதிப் பேர் கேன்சல் பண்ணுவாங்க. ரிசார்ட்காரங்களே அங்க சொல்லுவாங்க இல்ல?" என்றார். மிரட்டவில்லை, ஆணையிடவும் இல்லை. வேண்டாமே என்றார், அவ்வளவுதான். நான் அந்த வரியை அழித்துவிட்டு அனுப்பினேன். ரிசார்ட்காரர்கள் சொல்லமாட்டார்கள் என்பது அந்த அறையில் எனக்கு மட்டும் தெரியும்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் போய் இறங்கினோம். நாற்பத்தைந்து பேர், அதில் குழந்தைகள் ஒன்பது. வரவேற்பில் இளநீர் கொடுத்தார்கள். சுவரில் ஒரு பலகை இருந்தது. நைலான் உடை இல்லாமல் குளத்தில் இறங்கக்கூடாது, வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி இல்லை, பூப்பறிக்கக் கூடாது. தேனீயைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அறைகளுக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தபோதுதான் அவரைப் பார்த்தேன். கைகொள்ளாத துண்டுகளைச் சுமந்துகொண்டு அந்தத் தங்கவயல்காரப் பெண் ஒவ்வொரு காட்டேஜாகப் போய்க்கொண்டிருந்தார். துண்டைக் கொடுத்துவிட்டு, டேங்கைக் காட்டி, அவரவருக்குத் தெரிந்த மொழியில் சொன்னார். தமிழர்களுக்குத் தமிழில், கன்னடக்காரர்களுக்குக் கன்னடத்தில், வடக்கத்தியர்களுக்கு உடைந்த இந்தியில். "வந்துச்சுன்னா கைய வீசாதீங்க. துண்ட மூஞ்சில சுத்திக்கிட்டு எது கிட்ட இருக்கோ அந்த ரூமுக்குள்ள ஓடி கதவ சாத்திக்கணும். தண்ணில மட்டும் எறங்கவே கூடாது, அதுங்க மேலயே சுத்தினு நிக்கும்." குழந்தைகளை ஒருமுறை செய்துகாட்டவும் சொன்னார். அவர்கள் துண்டைச் சுற்றிக்கொண்டு ஓடினார்கள். பெரியவர்கள் சிலர் சிரித்தார்கள்.

மேலாளர் வேகமாக வந்தார். "ஒனக்கு இத யார் சொன்னது? ஒன் வேலைய நீ பாரு" என்று எல்லோர் முன்னாலும் கன்னடத்தில் கடிந்துகொண்டார். அந்தப் பெண் துண்டுகளைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு அடுத்த காட்டேஜின் கதவைத் தட்டினார். நான் நான்கடி தூரத்தில் சாவிக்கொத்தோடு நின்றேன். நான்தான் சொல்லச் சொன்னேன் என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு புல்வெளியில் குழுப் படம் எடுக்க எல்லோரையும் கூப்பிட்டேன். அடுத்து குளத்துக்குப் போகலாம் என்று பெரும்பாலானவர்கள் தோளில் துண்டோடுதான் வந்தார்கள். புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர் கலர்ப் புகைக்குச்சி கொண்டுவந்திருந்தார்கள். படத்தில் அழகாக வரும் என்று அதைப் பற்றவைத்தார்கள். அவர்கள் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் பைக்கில் வந்து சேர்ந்தவர்கள், அந்தப் பெண்ணின் பேச்சு அவர்கள் காதில் விழவில்லை. என் மெயிலைத்தான் படித்திருந்தார்கள். ஆரஞ்சுப் புகை காற்றில் சாய்ந்து டேங்குப் பக்கம் போவதைப் பார்த்து நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை.

முதலில் வந்தது சத்தம்தான். தூரத்தில் லாரி ஒன்று நின்றபடி உறுமுவது போல இருந்தது. பிறகு வெயில் மங்கியது. "துண்டு, துண்டு" என்று ஒரு குழந்தைதான் முதலில் கூவியது. அதன்பின் கிட்டத்தட்ட எல்லோரும் காலையில் கேட்டதைத்தான் செய்தார்கள். சிரித்தவர்களும் செய்தார்கள். முகத்தைச் சுற்றிக்கொண்டு பக்கத்திலிருந்த கதவுகளுக்குள் ஓடினார்கள். கதவுகள் அடுத்தடுத்துச் சாத்தப்பட்டன. என்னிடம் துண்டு இல்லை. யாரோ என் தலையில் போர்வையைப் போட்டு, தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டுபோய்த் துணி அடுக்கும் அறைக்குள் விட்டார்கள். அந்தப் பெண்தான்.

கதவு இடுக்கில் பார்த்தபோது, டெஸ்டிங் பிரிவில் வேலை பார்க்கும் ஆம்பூர்க்காரர் ஒருவர் நீச்சல் குளத்துக்குள் குதித்திருந்தது தெரிந்தது. மூச்சு விடத் தலையைத் தூக்கும்போதெல்லாம் தேனீக்கள் மொய்த்தன.

"சொன்னேனே, தண்ணி வேணாம்னு," என்று அந்தப் பெண் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இரண்டு கம்பளிகளை எடுத்தார். ஒன்றைத் தன்மேல் கால்வரை போர்த்திக்கொண்டார். "அக்கா, நான் கதவத் தட்டுனா மட்டும் தொறங்க." போய்விட்டார்.

எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. கதவு தட்டப்பட்டது. திறந்ததும் இரண்டு கம்பளி உருவங்கள் உள்ளே விழுந்தன. ஆம்பூர்க்காரருடைய முகம் அடையாளம் தெரியவில்லை. உதடும் கண்ணிமையும் வீங்கிக்கொண்டே வந்தன. அந்தப் பெண்ணின் வலது கையும் காதும் சிவந்து தடித்திருந்தன. அதைக் கவனிக்காமல் என் கழுத்திலிருந்த அலுவலக அட்டையைக் கழற்றச் சொன்னார். "நகத்தால புடுங்காதீங்க, இப்படி வழிச்சு விடுங்க." அட்டையின் விளிம்பால் ஆம்பூர்க்காரர் முதுகிலிருந்து கொடுக்குகளை வழித்துக்கொண்டே இருந்தோம். அவருக்கு மூச்சு இழுத்தது.

அதற்குள் பஸ் டிரைவர் கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு, பின்பக்க வாசல்வரை வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். அவரும் அந்தப் பெண்ணிடம் காலையில் ஒரு துண்டு வாங்கியவர்தான். தேவனஹள்ளியில் ஓர் ஆஸ்பத்திரிக்கு இருவரையும் கொண்டுபோனோம். போனதுமே ஊசி போட்டார்கள். கொடுக்குகளை எண்ண ஆரம்பித்த நர்ஸ் பாதியில் எண்ணுவதை நிறுத்திவிட்டார். ஒரு மணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்து, மூச்சு சீராகிவிட்டது, இரண்டு நாள் வைத்துப் பார்க்கலாம் என்றார். "நாப்பத்தஞ்சு பேர்ல இவருக்கு மட்டும்தான் இவ்ளோவா?" என்று ஆச்சரியமாகக் கேட்டார். மற்றவர்களுக்கு ஒன்றிரண்டு கொட்டுகள். குழந்தைகள் ஒன்பது பேருக்கும் ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரி வராந்தா நாற்காலியில் உட்கார்ந்துதான் நான் அழுதேன்.

மறுநாள் ஞாயிறு மாலை ஆம்பூர்க்காரரைப் பார்க்கப் போனேன். ஒரு கண் திறந்திருந்தது. சுற்றிவளைக்காமல் சொன்னேன்.

"எனக்கு முன்னாடியே தெரியும். மெயில்ல எழுதினேன், அப்புறம் எடுத்துட்டேன். எழுதியிருந்தா அந்தப் புகையே இருந்திருக்காது."

மூடிய கண்ணின் மேலிருந்த ஈரத்துணியைச் சரிசெய்துகொண்டார். பிறகு, "எனக்கு அந்தம்மா சொன்னாங்கக்கா. தண்ணில எறங்காதேன்னு கூட சொன்னாங்க. நான்தான் சிரிச்சேன்" என்றார். "ஆனா நீங்க எழுதியிருக்கணும்."

"ஆமா."

"அடுத்த வாட்டி எழுதிடுங்க. யாரு வேணாம்னாலும்."

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு அது தகும். மன்னித்தேன் என்று பெருந்தன்மை காட்டியிருந்தால் அந்தச் சுமை வேறுவிதமாக இருந்திருக்கும். இரண்டும் இல்லாமல், செய்யவேண்டியதைச் சொன்னார். அதற்காக இன்றும் அவருக்கு நன்றியோடு இருக்கிறேன்.

திங்கட்கிழமை எங்கள் பிரிவுத் தலைவர் தானாகவே என் மேசைக்கு வந்தார். "நான் சொன்னதாலதான நீங்க எடுத்தீங்க" என்றார். எடுத்த கை என்னுடையது என்றேன். இருவரும் உட்கார்ந்து ரிசார்ட்டின் உரிமையாளருக்கு ஒரு கடிதம் எழுதினோம். புகை எங்கள் ஆட்கள் போட்டது, எச்சரிக்காமல் விட்டது நானும் அவர்களுடைய மேலாளரும், எச்சரித்தது துணி துவைக்கும் பெண் ஒருவர் மட்டும் என்று உள்ளதை உள்ளபடி எழுதினோம். வந்திருந்த எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். குழந்தைகள் பெயருக்குப் பக்கத்தில் துண்டு படம் வரைந்தார்கள்.

பத்து நாள் கழித்து மேலாளரே கூப்பிட்டார். குரல் மாறியிருந்தது. போர்டு வைக்கப் போகிறோம், மூன்று மொழியில் வாசகம் எழுதித் தர முடியுமா என்று கேட்டார். எழுதி எடுத்துக்கொண்டு நேரில் போனேன். அந்தப் பெண் துணிக்கொடியின் அருகிலேயே இருந்தார். கை வீக்கம் முழுதாக வடியவில்லை, வளையல் போட முடியவில்லை என்றார். கடிதம் வந்த அன்று உரிமையாளர் தன்னைக் கூப்பிட்டுப் பேசியதையும், இனி வருகிறவர்களிடம் முதலில் தான்தான் பேசவேண்டும் என்று சொன்னதையும் சாதாரணமாகச் சொன்னார். "ரிசப்ஷன்லயே நிக்கச் சொன்னாங்கக்கா. கால் வலிக்கும், வேணாம்னுட்டேன். வர்ற நேரத்துக்குப் போய் சொல்லிட்டு வந்துடறேன்."

நான் எழுதியதைப் படித்துக் காட்டினேன். பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார். "இவ்ளோ இருந்தா யாரு நின்னு படிப்பாங்க? அஞ்சு வரி போதும். மீதிய நான் வாயால சொல்லிக்கறேன்."

அங்கேயே உட்கார்ந்து சுருக்கினேன். எழுதிக்கொண்டே, அன்றிலிருந்து கேட்க நினைத்ததைக் கேட்டேன். "திட்டுனப்புறமும் எதுக்குப் போய் சொன்னீங்க? உங்க வேலை இல்லையே அது."

கேள்வியே விசித்திரம் என்பது போல அவர் என்னைப் பார்த்தார். "துணி காயப்போடறது இந்த எடத்துலதானேக்கா. தெனமும் நான்தான் அதுங்கள பாக்கறேன். தெரிஞ்ச ஆளு சொல்லலன்னா வேற யாரு சொல்லுவா?"

அவரிடம் நன்றி சொன்னேன். எனக்காகவும், ஆம்பூர்க்காரருக்காகவும், ஒன்பது குழந்தைகளுக்காகவும். "அட, விடுங்கக்கா" என்று சொல்லிவிட்டு டீ போடப் போய்விட்டார்.

கோடை மழை தொடங்கிய வாரம் அவரிடமிருந்து போன் வந்தது. அலுவலகத்தில் மீட்டிங்குக்குப் போகிற அவசரத்தில் எடுத்தேன்.

"எல்லாம் போயிடுச்சுங்கக்கா. டேங்க் காலியா இருக்கு."

"நல்லதாப் போச்சும்மா."

"எங்க நல்லது. மழ உழுந்துச்சில்ல, இப்ப கண்ணாடி விரியன் வெளிய வர்ற நேரம். நேத்து மூணாம் நம்பர் காட்டேஜ் படிக்கட்டுக்குக் கீழ ஒன்னு படுத்துனு இருந்துச்சு. அதுக்கு ஒரு போர்டு வேணும். இருட்டுல டார்ச் இல்லாம நடக்காதீங்க, செருப்ப உதறிப் போடுங்க, அதெல்லாம். எழுதிக்கறீங்களா?"

மீட்டிங்குக்குப் பத்து நிமிடம் தாமதமாக வருகிறேன் என்று கூட வந்தவரிடம் சைகையால் சொல்லிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "சொல்லுங்க," என்றேன்.