ஒரே கூடையில் இரண்டு அடைக்கோழி

நர்மதா மருமகளாக வந்த பதினோராம் நாள் அடுப்படியில் ஒரு முட்டையை உடைத்தாள். பாலக்காட்டுச் சித்தூர் டவுனில் பிறந்து வளர்ந்தவள்; எருத்தேம்பதிப் பக்கத்துத் தோட்டத்து வீடு அவளுக்குப் புதிது. புருஷன் அருள்குமாருக்கு ஆம்லெட் போடலாமென்று மூலைக் கூடையில் கைவிட்டு ஒன்றை எடுத்தாள். அது அடைக்கு வைத்த கூடை என்றும், கோழி இரை பொறுக்க வெளியே போயிருக்கிறது என்றும் அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. சட்டியில் விழுந்ததற்குக் கண் இருந்தது.

மூத்த மருமகள், அருள்குமாரின் அண்ணன் குப்பண்ணனின் மனைவி பழனாத்தாள், தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வந்தாள். சட்டியைப் பார்த்தாள். நர்மதாவைப் பார்த்தாள். சட்டியைத் தென்னை மரத்தடிக்குக் கொண்டுபோய், குழி பறித்து மூடிவிட்டு, சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்தாள்.

சாயங்காலம் மாமியார் முட்டைகளை எண்ணினாள். பதினொன்றில் ஒன்று குறைந்தது.

"ஆருடி கை வெச்சது?"

"நாந்தானுங்கத்தை," என்றாள் பழனாத்தாள். "கை தவறிருச்சுங்க."

"உன்ற வயித்துலதான் ஒண்ணும் தங்கல. கோழி காத்து வெச்சதையும் ஏன் கலைக்கறே?"

பழனாத்தாளுக்குக் கல்யாணமாகி அப்போது ஏழு வருஷம். பழனிக்கு மூன்று தடவை நடந்து போய் வந்திருந்தாள். மாமியார் சொன்னதைக் கேட்டுக்கொண்டு அரிசி களையப் போய்விட்டாள். நர்மதா கவிழ்த்த சட்டியை எடுத்து அடுப்பில் வைத்தாள். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். நாளைக்கு நாளைக்கு என்றே இருபத்தைந்து வருஷம் ஓடிற்று.

அந்தப் பக்கத்தில் அடைக்கு முட்டை வைக்கக் கைராசி பார்ப்பார்கள். அன்றிலிருந்து பழனாத்தாள் கை அடை முட்டையில் படக்கூடாது என்றாகிவிட்டது. வைப்பது நர்மதா. ஆனால் எந்த முட்டை பொரிக்கும், எது கூழாகும் என்று வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தவள் பழனாத்தாள். கூடையில் மணல் எவ்வளவு, சாம்பல் எவ்வளவு, இடிக்குப் பயந்து ஓரத்தில் செருகும் இரும்புத் துண்டு எந்தப் பக்கம், எல்லாம் அவள் தள்ளி நின்று சொல்லுவாள். நர்மதா செய்வாள். வைத்ததெல்லாம் பொரித்தது. "நர்மதா கை தங்கமான கை" என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர்களெல்லாம் வந்து கூட்டிப்போனார்கள். பழனாத்தாள் வாசலில் நின்று, "பாத்துப் போயிட்டு வா" என்பாள்.

மகள் மௌனிகா நர்மதாவின் வயிற்றில் இருந்த வருஷம்தான் இரண்டு அடைக்கோழிகள் ஒரே கூடையில் படுத்தன. சாம்பல் நிறத்தது ஒன்று, கறுப்பு ஒன்று. எத்தனை முறை தூக்கி வேறு கூடையில் விட்டாலும் கறுப்பு எழுந்து வந்து சாம்பலை ஒட்டிப் படுத்துக்கொள்ளும். பதின்மூன்று முட்டையும் பொரித்தன. எது எதன் குஞ்சு என்று சாமிக்குத்தான் தெரியும்.

"கறுப்பத் தண்ணியில முக்கிக் கட்டிப் போடுங்க. அப்பத்தான் அடை தெளிஞ்சு மறுக்கா முட்டை வெக்கும்," என்றாள் மாமியார்.

"இருக்கட்டுமுங்கத்தை," என்றாள் பழனாத்தாள். "அதும் இருவத்தோரு நாள் பட்டினியாக் கெடந்துதானே காத்துச்சு?"

மாமியார் என்னவோ அன்றைக்கு விட்டுவிட்டாள். சாம்பல் கோழி குப்பையைச் சீய்த்துக் குஞ்சுகளைக் கூப்பிடும். கறுப்பு இரை எடுக்காமல் கழுத்தை நீட்டி மேலே பார்த்துக்கொண்டே நிற்கும். பருந்தின் நிழல் விழுந்தால் அது போடும் சத்தத்தில் பதின்மூன்றும் இரண்டின் சிறகுக்கும் பாதிப் பாதியாக ஓடும். முட்டை வாங்க வந்த கடைக்கார ஐசும்மா நின்று பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"இதென்ன பழனாத்தா, உங்கூட்டுக் கோழியும் ஓரகத்தியோட குடித்தனம் பண்ணுது?"

"பண்ணட்டும். நாங்க பண்ணலயா?"

மூன்றாவது வாரம் ஒருநாள் சாம்பல் கோழி கறுப்பைக் கொத்தித் துரத்த ஆரம்பித்தது. தலைக்கொண்டையில் ரத்தம் வரக் கொத்திற்று. நர்மதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பழனாத்தாள் சிரிக்கவில்லை. மஞ்சளைக் குழைத்துக் கறுப்பின் தலையில் பூசினாள். கறுப்பு பத்தடி தள்ளி நின்று, அப்போதும் மேலேதான் பார்த்துக்கொண்டிருந்தது.

மௌனிகா பிறந்தாள். வயிற்றைக் கிழித்து எடுத்த பிரசவம். நர்மதா இரண்டு மாதம் குனியக்கூட முடியாமல் கிடந்தாள். காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே குழந்தையைக் கிடத்தி, தண்ணீர் ஊற்றி, மூக்கை உருவிவிட்டு, சாம்பிராணி காட்டியதெல்லாம் பழனாத்தாள். அடை முட்டையைத் தொடக்கூடாத கை, பிள்ளையைத் தொடலாமா என்று அப்போது யாரும் கேட்கவில்லை, தேவை அப்படி. பசித்தால் குழந்தை நர்மதாவிடம் வரும். பயந்தால் பெரியம்மாவிடம் ஓடும். நாலு வயதில் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் பிதற்றியது "பெரீம்மா" என்றுதான். நர்மதா எல்லோரோடும் சேர்ந்து சிரித்தாள். ஆனால் அந்தச் சிரிப்பு தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை.

மாமியார் போனாள். பிறகு ஒரு மாசியில் குப்பண்ணன் மோட்டார் கொட்டகையில் நெஞ்சு வலித்து விழுந்து இறந்தார். அதற்குப்பின் மௌனிகாவுக்குப் பொள்ளாச்சிப் பக்கம் நவீன்குமாரைப் பார்த்துக் கல்யாணம் நடந்தது. சீர் நடக்கும்போது பழனாத்தாள் தானாகவே சமையல் பந்தலுக்குப் போய்விட்டாள். மௌனிகாதான் தாலி ஏறிய கழுத்தோடு அங்கே தேடிப் போய், கரண்டியைப் பிடுங்கி வைத்துவிட்டுக் காலில் விழுந்தாள். சம்பந்தியம்மா அதைப் பார்த்து, "வளத்தவங்ககிட்ட இருக்கற பாசத்தப் பாருங்க" என்று வாய் நிறையச் சொன்னார். நர்மதாவுக்கு அந்த வார்த்தைதான் முள்ளாகத் தைத்தது. வளர்த்தவள் அவளென்றால் நான் யார்?

போன தையில் மௌனிகாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மாடு கன்றைப் பார்க்க ஆள் வேண்டுமென்று பழனாத்தாள் தோட்டத்திலேயே இருந்தாள். நர்ஸ் கதவைத் திறந்து, "மௌனிகயுடெ கூடெ ஆரா?" என்று துணைக்கு வந்தவரை மலையாளத்தில் கேட்டபோது நர்மதா இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடினாள். உள்ளேயிருந்து மகளின் குரல் வந்தது.

"பெரீம்மா வந்தாச்சா? மொதல்ல அவங்க கையில குடுக்கச் சொல்லுங்க."

நர்மதா குழந்தையை வாங்கிக்கொண்டாள். வாங்கும்போதே மனதில் ஒன்று முடிவாகிவிட்டது.

நாலாம் நாள் வீட்டுக்கு வந்தார்கள். பழனாத்தாள் நொச்சி போட்டு வெந்நீர் காய்ச்சி, பழைய சேலையைத் துவைத்து மடித்து, பலகையைக் கழுவி வைத்திருந்தாள். நர்மதா குழந்தையோடு நடையிலேயே நின்றாள்.

"அக்கா, சொன்னாத் தப்பா எடுத்துக்காதீங்க. சம்பந்தியூட்டுல ஒரு மாதிரி நெனைக்கறாங்க. நாப்பது நாளைக்கு நீங்க கொழந்தையத் தொடவேண்டாமுன்னு."

"அவிங்களா சொன்னாங்க?"

"ஆமாங்க்கா. எனக்கே சங்கட்டமா இருக்குது."

சம்பந்தியம்மா அப்படி ஒரு வார்த்தை சொல்லவேயில்லை.

பழனாத்தாள் தண்ணீரை ஆறவிட்டு மாட்டுத் தொட்டியில் ஊற்றினாள். ஆறு நாள் குழந்தை அழும்போதெல்லாம் கட்டுத்தறிப் பக்கம் போய் நின்றுகொண்டாள். நர்மதாவுக்குக் காலில் கிடத்தி ஊற்றப் பயம். ஈரத்துணியால் துடைத்தே ஒப்பேற்றினாள். "பெரீம்மா ஏன் உள்ளயே வரமாட்டேங்கறாங்க?" என்று மௌனிகா கேட்டாள்.

"காந்தலூர்ல அவங்க தம்பி கூப்புட்டிருக்குதாம். பூண்டு வேலைக்கு ஆளில்லையாம். மனசு அங்க இருக்குது."

ஒரு பொய்யை நிறுத்தி வைக்க இன்னொன்றை முட்டுக் கொடுத்தாள், அவ்வளவுதான். ஆனால் ஏழாம் நாள் பழனாத்தாள் நிஜமாகவே பையை எடுத்துவிட்டாள். மௌனிகா படுத்தபடியே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, "என்னைவிட உங்களுக்குப் பூண்டு பெருசாப் போச்சுங்களா பெரீம்மா?" என்றாள். பழனாத்தாள் நர்மதாவை ஒரு தடவை பார்த்தாள். 

"ஒடம்பப் பாத்துக்க சாமி," என்றாள்.

ஆடி மாதம் காந்தலூர் மலைக்குளிரில் காய்ச்சல் கண்டு, நெஞ்சில் சளி கட்டி, நாலே நாளில் அவள் போய்ச் சேர்ந்தாள். உடுமலை சுற்றி, மறையூர் தாண்டி நர்மதாவும் அருள்குமாரும் மலையேறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கைக்குழந்தையைக் காரணம் காட்டி மௌனிகா வரவில்லை, கோபம் தீரவில்லை. இன்றுவரைக்கும் அவள் அந்தப் பூண்டைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நர்மதா வெள்ளிக்கிழமைதோறும் மாரியம்மனுக்கு விளக்குப் போடுகிறாள். மகளிடம் சொல்ல வேண்டியதை ஆத்தாளிடம் சொல்லிவிட்டு வருகிறாள். ஆத்தாள் கேட்டுக்கொள்வாள், ஆனால் மௌனிகாவிடம் போய்ச் சொல்லமாட்டாள்.

நர்மதா பழனாத்தாளைக் கடைசியாகப் பார்த்தது, அவள் பையை எடுத்த அந்த ஏழாம் நாள், கோபாலபுரம் பஸ் நிறுத்தத்தில். பையைத் தூக்கிக்கொண்டு வந்து விட்டவள் நர்மதாதான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பொள்ளாச்சி பஸ் வளைவில் தெரிந்ததும் பழனாத்தாள் பையை வாங்கித் தோளில் மாட்டினாள். குரலை உயர்த்தவில்லை.

"நேத்துச் சம்பந்தியம்மா எனக்குப் போன் பண்ணுனாங்க. 'மௌனிகா மூக்கு எத்தனை எடுப்பா இருக்குது, பேத்திக்கும் நீங்களே தண்ணி ஊத்தி உருவி வுடுங்க, மத்தவங்க கையில குடுத்துறாதீங்க'ன்னாங்க. நான் சரிங்கன்னுட்டேன். அவிங்க கேட்டா என்ன சொல்லோணுமோ நீயே சொல்லிக்க. போ, கொழந்தை அழுவும். இனி என்னையக் கூப்புட மட்டும் கூப்புடாத, நர்மதா."