அட்டை போய்த் தாள் வந்த மாதங்கள்

வளைகுடாவில், ரயில் நிலையத்து டிக்கெட் கேட்டருகே நிற்கிற வேலை என்பது, நாள் முழுவதும் பிறர் போவதைப் பார்த்துக்கொண்டு தான் மட்டும் போகாமல் இருப்பது. கவுன்டரிலும் வாசலிலும் நின்று பிழைக்கிற எல்லோருக்கும் இந்தக் கால்வலி தெரியும். உங்களை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ரயிலில் முன்பு அட்டை டிக்கெட். பின்பக்கம் ஒரு கறுப்புக் காந்தப் பட்டை ஓடும். பயணம் அதில்தான் எழுதப்பட்டிருக்கிறது என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். கேட்டின் வாயில் செருகினால் உள்ளே இழுத்துக்கொள்ளும், படிக்கும், மறுபக்கம் துப்பும். பிறகு அதை நிறுத்திவிட்டுத் தாள் டிக்கெட் கொண்டுவந்தார்கள். பிஸ்கட் பாக்கெட்டில் இருப்பது போலக் கறுப்புக் கோடுகள் அச்சடித்த மெல்லிய தாள். கேட்டில் ஒரு சின்னக் கண்ணாடி பதித்தார்கள். கோடுகளை அதற்குக் காட்டினால் கதவு திறக்கும்.

மாற்றம் தொடங்கிய அன்று எங்கள் மேனேஜர், மலையாளி, என்னையும் யோகனையும் கூப்பிட்டார். யோகன் யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிட மிகவும் இளையவர், எனக்கு எதிர் கேட்டில் நிற்பவர். யாருக்காவது டிக்கெட் வேலை செய்யாவிட்டால் எங்கள் அடையாள அட்டையைத் தொட்டுப் பக்கக் கதவைத் திறந்துவிடலாம். ஆனால் ஒவ்வொரு தடவையும் அலுவலகத் திரையில், எங்கள் கேட்டுக்கு நேராக, ஒரு சிவப்புப் புள்ளி விழும். "மூணு மாசம் பார்க்கலாம். அதுக்கப்புறம் இங்க ஒருத்தர் போதும்," என்றார் மேனேஜர். ஐம்பதைத் தாண்டியவனுக்கு அந்த ஒருத்தர் யார் என்று விளக்கத் தேவையில்லை. என் மகள் கல்லூரியில் இரண்டாம் வருடம். அன்று முதல் பக்கக் கதவுப் பக்கம் போவதையே தவிர்த்தேன்.

தொடாமலே

முதல் வாரம் முழுக்க ஜனங்கள் தாளை மடித்து, பழைய அட்டை நுழைந்த இடுக்கில் திணித்தார்கள். அந்த இடுக்கை டேப் போட்டு ஒட்டியிருந்தோம். டேப்பைக் கிழித்துவிட்டுத் திணித்தார்கள். நானும் யோகனும் இடுக்கியால் தாள் எடுத்து எடுத்தே கை நொந்தோம்.

பெரம்பலூர்ப் பக்கத்துக் கொத்தனார் ஒருவர் மட்டும் நான் சொன்னபடி கண்ணாடியில் காட்டினார். கதவு திறந்தது, உள்ளே போனார். போனவர் நகரவில்லை. முன்பு அட்டை வெளியே வரும் இடத்தில் கையை ஏந்திக்கொண்டு நின்றார். பின்னால் கூட்டம் "ஜல்தி பாய், யல்லா" என்று கத்துகிறது. டிக்கெட் அவருடைய இடது கையிலேயே இருக்கிறது என்று காட்டினேன். அவர் தாளைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், கண்ணாடிக்குள் எரிந்த சிவப்பு வெளிச்சத்தைக் குனிந்து பார்த்தார். அதுவரை எனக்கும் அது ஒரு மெஷின்தான். அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான், இந்தக் கதவு இப்போது பார்க்கிறது என்பதே எனக்கு உறைத்தது. அவர் மெதுவாகச் சொன்னார்: "வாங்கிக்கூடப் பாக்கலியே அண்ணே, மூஞ்சியப் பாத்தே விட்டுருச்சு!"

ஒரிஜினல்

கராமாவில் நான் தங்கியிருக்கும் கட்டடத்தில், மேல் மாடி பேச்சிலர் ரூமில் ராமநாதபுரத்துப் பெயின்டர் ஒருவர் இருக்கிறார். ஒரு நாள் காலை கேட்டில் நீட்டினார் ஒரு பெரிய தாளை. டிக்கெட்டின் ஜெராக்ஸ். "இது செல்லாதுங்க, டிக்கெட்டை எடுங்க," என்றேன். அது ரூமில் பெட்டிக்குள் பூட்டி இருக்கிறதாம். சரி, இன்று ஒரு சிவப்புப் புள்ளி நிச்சயம் என்று பக்கக் கதவை நோக்கி நடந்தேன். அதற்குள் அவர் ஜெராக்ஸைக் கண்ணாடியில் காட்டிவிட்டார். கதவு திறந்துவிட்டது.

நான் அப்படியே நின்றேன். காந்தப் பட்டையை ஜெராக்ஸ் கடையில் நகல் எடுத்துவிட முடியாது. இதற்கோ அசலும் நகலும் ஒன்று. எது முதலில் வருகிறதோ அதுதான் டிக்கெட். எனக்கு அன்று முழுக்க வேறு வேலை ஓடவில்லை. வந்த நாளிலிருந்து என் பாஸ்போர்ட் கம்பெனி அலமாரியில் இருக்கிறது. அதன் நகல்தான் என் சட்டைப் பையில். போலீஸ், வங்கி, ஆஸ்பத்திரி எல்லாம் அந்த நகலைப் பார்த்தே என்னை உள்ளே விட்டிருக்கிறார்கள். அப்படியென்றால் இந்த ஊருக்குத் தெரிந்தது என்னையா, அந்த நகலையா? மாலையில் பெயின்டரிடம், ஏன் டிக்கெட்டைக் கொண்டுவரவில்லை என்று கேட்டேன். என்னை விவரம் கெட்டவனைப் போலப் பார்த்தார். "வளைகுடாவுக்கு வந்து இத்தன வருசமாச்சு, ஒரிஜினல எவனாச்சும் கையில எடுத்துட்டுத் திரிவானாண்ணே?"

ஹெல்மெட்

பக்கத்துக் கட்டட வேலை சைட்டில் பஸ் கெட்டுப்போன நாளில், கம்பெனிக்காரர்கள் ஆட்களை ரயிலில் அனுப்பினார்கள். போகவும் வரவும் காலையிலேயே டிக்கெட் வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். தொலைந்துவிடக் கூடாது என்று எல்லோரும் டிக்கெட்டை ஹெல்மெட்டுக்குள், தலைப் பட்டைக்கு நடுவே செருகிக்கொண்டு சாரத்தில் ஏறிவிட்டார்கள். ஆகஸ்ட் மாத வெயில். சாயங்காலம் ஒவ்வொருவராக ஹெல்மெட்டைக் கழற்றித் தாளை எடுத்துக் காட்ட, கண்ணாடி ஒன்றையும் ஏற்கவில்லை. எல்லாத் தாளும் ஒரே சாம்பல் நிறம். கோடுகள் அதற்குள் கரைந்துவிட்டன. சூடு பட்டால் நிறம் மாறுகிற தாள் அது. எங்களுக்குக்கூட யாரும் அதைச் சொல்லியிருக்கவில்லை.

அந்தத் தாள்களை நான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒருவன் தலைக்கு மேல் எவ்வளவு வெயில் விழுந்தது என்று அவன் வாயால் சொன்னால் நம்ப மாட்டோம். தாள் காட்டியது. மறு அச்சு எடுக்கும் மெஷின் அப்போது எங்களிடம் இல்லை. வரிசையாக நின்ற முகங்களைப் பார்த்துவிட்டு என் அட்டையைப் பக்கக் கதவில் தொட்டேன். அடுத்தவருக்கு மறுபடி தொட்டேன். எல்லோரும் உள்ளே போகும்வரை தொட்டுக்கொண்டே இருந்தேன். அவர்கள் இறங்குகிற நிலையத்துக்குப் போன் செய்து, அங்கேயும் திறந்துவிடச் சொன்னேன். அன்று டியூட்டி முடிந்து அலுவலகப் பக்கம் போய்விட்டு வந்த யோகன் சொன்னார்: "அண்ணை, திரையில உங்கட கேட்டுக்கு அம்மை போட்டிருக்கு."

லேமினேஷன்

இங்கே எந்தத் தாள் கைக்கு வந்தாலும் லேமினேஷன் போட்டுவிடுவது நம் ஆட்களின் வழக்கம். சத்வாவில் தையல் வேலை செய்கிற முருகேசன், மாத டிக்கெட் எடுத்த கையோடு டைப்பிங் சென்டரில் கொடுத்தார். சூடான உருளைக்குள் போன தாள், பளபளவென்று, முழுக் கறுப்பாக வெளியே வந்தது. அதைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு, துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி என் முன்னால் நின்றார். ஒரு மாத டிக்கெட், முதல் நாளே.

நல்ல வேளை, அந்த வாரம்தான் எங்களுக்கு மறு அச்சு மெஷின் வந்திருந்தது. டிக்கெட் எடுத்தபோது கொடுத்த போன் நம்பரையும், அந்தப் போனுக்கு அப்போது வந்த எண்ணையும் கேட்டு அழுத்தினேன். வெள்ளைத் தாளில் அதே கோடுகள், அதே தேதியோடு, ஒரு குறையும் இல்லாமல் வந்து விழுந்தன. முருகேசன் வாயைப் பிளந்தார். நானும்தான். பழைய அட்டையில் பட்டை அழிந்தால் பயணமும் அழியும். இதில் பயணம் தாளில் இல்லவே இல்லை. எங்கேயோ இருக்கிறது. எங்கே என்று அவர் கேட்டார், எனக்குத் தெரியவில்லை. மேலே எங்கேயோ என்று கையைக் காட்டினேன். அவரும் நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். பிறகு கறுப்புத் தாளை ஒரு கையிலும் வெள்ளைத் தாளை மறு கையிலும் வைத்துக்கொண்டு கேட்டார்: "அப்ப இனிமே நான் எதைத்தான் சார் பத்திரமா வச்சுக்கறது?"

வெட்டிய ஓரம்

மூன்றாவது மாதம் பாதி ஓடியிருந்தது. "இனி ஒரு சிவப்புகூட வேண்டாம், ப்ளீஸ்," என்று மேனேஜர் அன்று காலைதான் சொல்லிவிட்டுப் போயிருந்தார். மதியம் ஒரு பெண் வந்தாள். ஹட்டன் தேயிலைத் தோட்டப் பக்கத்து மலையகத் தமிழ், இங்கே ஒரு வீட்டில் வேலை. புருஷனுக்கு வேறு நாட்டில், யான்புவில் வேலை. ஊருக்குப் போகிற வழியில், இந்த ஊர் ஏர்போர்ட்டில் இறங்கி, ட்ரான்ஸிட் விசாவில் சில மணி நேரம் வெளியே வருகிறார். கல்யாணமான வருஷம் பார்த்தது. பொழுது சாய்கிற மஃரிப் பாங்குக்குள் திரும்பிவிட வேண்டும் என்று மேடம் விட்டிருக்கிறாள். டிக்கெட்டை அவரே யான்புவில் இருந்து போனில் எடுத்துப் படமாக அனுப்ப, இவள் மேடத்தின் பிரின்டரில் அச்செடுத்திருக்கிறாள். நாடு தாண்டி ஒருவன் தன் பெண்டாட்டிக்கு ஒரு கதவைத் திறந்து வைக்கிறான் என்று நினைத்துக்கொண்டே, கண்ணாடியில் காட்டச் சொன்னேன்.

ஆனால் கதவு திறக்கவில்லை. மறு அச்சு எடுக்கலாம் என்றால் நம்பர் அவருடையது. அவர் போனுக்கு வருகிற எண்ணைச் சொன்னால்தான் மெஷின் கேட்கும். அவரோ ஆகாயத்தில். பக்கக் கதவைத் திறந்துவிட்டால் என் கணக்கில் ஒரு புள்ளி. அதோடு முடிவதில்லை: ஏர்போர்ட் நிலையத்துக்குப் போன் செய்தேன், அங்கே மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. சொல்லி வைக்காமல் அனுப்பினால் அங்கே வெளிக் கதவு அவளை விடாது. அவள் அழவில்லை. கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோடுகளுக்குக் கீழே இருந்த எண்ணை எழுதிக்கொண்டு கவுன்டரில் கேட்கலாம் என்று, அந்த டிக்கெட் துண்டை ஒரு வெள்ளைத் தாள் மேல் வைத்தேன். எண் பொடியாக இருந்தது. கண்ணாடி வெளிச்சத்தில் பிடித்துப் படிக்கலாம் என்று இரண்டையும் சேர்த்துத் தூக்கினேன். கதவு திறந்துவிட்டது.

எதிர் கேட்டில் இருந்து யோகன் ஓடி வந்தார். "அவ வெட்டினது கோட்டை இல்லை அண்ணை, சுத்தி இருந்த வெள்ளையை. வெள்ளை இல்லாட்டி எங்க தொடங்கிறது எண்டு அதுக்குத் தெரியாது!" ஒன்றும் எழுதாத இடத்தைப் பார்த்துத்தான் எழுதினதைப் படிக்கிறதா என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, வெள்ளைத் தாளோடு சேர்த்து அதை அவள் கையில் கொடுத்து, அங்கேயும் இப்படியே காட்டச் சொல்லி அனுப்பினோம். பர்ஸுக்குள் அடங்கட்டும் என்று, கத்தரியால் பார்த்துப் பார்த்து, கோட்டை ஒட்டி வெட்டியிருந்தாளாம். சாயங்காலம் பாங்குக்கு முன்னால் அதே கேட்டில் திரும்பி வந்தாள். பார்த்தாயா என்று நான் கேட்கவில்லை. அவளே நின்று சொன்னாள்: "பாத்தேங்கண்ணே. ரொம்பக் கறுத்துட்டாரு."

திரை

மூன்று மாதம் முடிந்த அன்று மேனேஜர் இருவரையும் அழைத்துத் திரையைக் காட்டினார். யோகனின் கேட் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. என் கேட் முழுக்கச் சிவப்பு. ஊருக்கு என்ன சொல்லிப் போன் செய்வது, மகளிடம் யார் பேசுவது என்று எனக்குள் ஓட ஆரம்பித்துவிட்டது. மேனேஜர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "மேலிருந்து உத்தரவு. சுத்தமா இருக்கிற கேட்டை மெஷின் பார்த்துக்கும். சிவப்பு இருக்கிற இடத்துல மனுஷன் வேணும்," என்று என்னைக் காட்டினார். யோகனைப் புதிதாகத் தாள் டிக்கெட் வரும் நிலையங்களுக்குச் சொல்லிக்கொடுக்க அனுப்பினார்கள். அவருக்கு அறை மாற வேண்டும், சிநேகிதர்களை விட வேண்டும். எனக்குச் சந்தோஷப்படுவதா வெட்கப்படுவதா என்று தெரியவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு யோகன் சிரித்தார்: "நான் இவ்வளவு கெட்டித்தனமா நிண்டிருக்கக் கூடாது அண்ணை."

வேலை தெரிந்தவன் என்று காட்டிக்கொள்ளவே இத்தனை வருடம் பாலைவனத்தில் முதுகை நிமிர்த்தி நின்றேன். கடைசியில் என் சோற்றைக் காப்பாற்றியது நான் கையைப் பிசைந்துகொண்டு நின்ற நேரங்கள்தான் என்பதை இன்னும் வீட்டில் சொல்லவில்லை.