தைலம் மணக்கும் பால்

எங்கள் ஊர் பால் சென்டரில் கேன் மூடியைத் திறந்ததும் முதலில் மூக்கைத்தான் நீட்ட வேண்டும். மெஷின் எல்லாம் அப்புறம். இருபத்திரண்டு வருஷமாக இந்த மூக்கை வைத்துத்தான் பிழைக்கிறேன். ஆந்திராவில் வடமாலபேட்டைக்கு மேற்கே இருக்கிற எங்கள் தமிழ்க் காலனியில் யார் வீட்டு மாடு என்ன தின்றது என்று மூடியை எடுத்தவுடன் சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட ரங்கன்தான் போன மார்கழியில் ஒன்றும் புரியாமல் பேய் முழி முழித்தேன்.

விஷயம் பொன்னியம்மாவைப் பற்றியது. அறுபத்தேழு வயது. புருஷன் துலுக்காணம் போய்ச் சேர்ந்து பத்து வருஷம் ஆகிறது. கரும்பு வெட்டவும் கடலைக்காய் பிடுங்கவும் அடுத்தவர் கொல்லையில் குனிந்தே அவளுக்கு முக்கால் ஆயுசு போய்விட்டது. ஒரு தடவை பண்ணைக்காரர் ஒருவர் கிடேரிக் கன்று ஒன்றை வாரத்துக்கு விட்டார். கன்று அவருடையது, தீனியும் பாடும் வளர்ப்பவளுடையது. அது போடுகிற முதல் கன்று வளர்த்தவளுக்கு. அப்படிக் கிடைத்த கன்றின் பேத்திதான் செவலைப் பசு. "எம் பேர்ல பட்டா இல்ல, பத்திரம் இல்ல. செவலை கீது" என்பாள். அந்தச் செவலையும் லேசுப்பட்டது இல்லை. பொன்னியம்மா குந்தி, முழங்காலுக்கு நடுவில் சொம்பை இடுக்கிக்கொண்டால்தான் மடி விடும். வேறு யார் உட்கார்ந்தாலும் உதைதான்.

மலைப்பக்கம் பனி இறங்க ஆரம்பித்த வாரத்தில் ஒருநாள் பொன்னியம்மா நேரம் கழித்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒருக்களித்து நடந்து வந்தாள்.

"இன்னா பெரிம்மா, இப்டி வர்றே?"

"தொடை சேர்ற எடத்துல இடுப்பு பூட்டிக்கிச்சி ரங்கா. குந்தினா எழுந்துக்க முடியல, எழுந்தா குந்த முடியல. வெயில் ஏறினா சரியாப் போவுது. காலைல மட்டும் கட்டையாட்டம் கீது."

அவ்வளவுதான், வரிசையில் நின்ற அத்தனை பேரும் டாக்டராகிவிட்டார்கள். "உப்பை வறுத்து ஒத்தடம் குடு" என்றாள் வெங்கடலட்சுமி. "சூடு வெச்சா வீங்கிக்கும், வெக்காதே" என்றார் ஆதிநாராயணன். ஒருத்தி அசையாமல் படு என்றாள், இன்னொருத்தி படுத்தால் அவ்வளவுதான், நட என்றாள். மோர் ஆகாது, முருங்கைக்கீரை ஆகும், இது வாயு, இல்லை இது எலும்புத் தேய்வு. பொன்னியம்மா ஒவ்வொருத்தர் வாயையும் பார்த்துப் பார்த்துத் தலையாட்டினாள். ஒருநாள் படுத்தாள், ஒருநாள் நடந்தாள், ஒருநாள் ஒத்தடம் கொடுத்தாள், அடுத்த நாள் பயந்து விட்டுவிட்டாள். இருந்ததும் கெட்டதுதான் மிச்சம்.

நான் மட்டும் சும்மா இருந்தேனா? வீட்டில் இருந்த நீலகிரித் தைலம் ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து, "இதைச் சூடு பறக்கத் தேய் பெரிம்மா" என்று கையில் திணித்தேன். கொடுத்த கையோடு அதை மறந்தும் போனேன்.

அவள் மகன் ஜெயபிரகாஷ் ரேணிகுண்டா பக்கம் ஒரு பட்டறையில் வேலை செய்கிறான். கெட்டவன் இல்லை. ஆனால் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டான்: "எம்மா, நான் ஷிப்ட்டுக்குப் போய்க்கினே இருப்பேன். நீ மாட்டுக் கொட்டாயில வுழுந்தா யார் தூக்கறது? இடுப்பு சரியாவலன்னா செவலையை வித்துடுவேன், அப்புறம் அழுவாதே."

மறுநாளே பொன்னியம்மா நிமிர்ந்து நடந்து வந்தாள். "சரியாப் போச்சி ரங்கா! ஜம்முனு கீறேன்!" என்று சிரித்தாள். நானும் நம்பினேன்.

அடுத்த வாரம் அவள் கேன் மூடியைத் திறந்தேன். பாலில் நீலகிரி வாசனை. குப்பென்று அடித்தது. "பெரிம்மா, மாடு தோப்புல பூந்து யூகலிப்டஸ் தழை துன்னுச்சா?" என்றேன். ஊருக்குப் பின்னால் அந்தத் தோப்புதானே இருக்கிறது! அவள் முழித்தாள். அன்று பாலை எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த நாள் செவலையைக் கட்டிப்போட்டு வைக்கோல் மட்டும் போட்டாள். அப்போதும் அதே வாசனை. மூன்றாம் நாளும் அப்படியே. மடி நோய் என்றார் ஒருவர், வயிற்றில் கோளாறு என்றார் இன்னொருவர். எனக்கோ தலை சுற்றியது. வைக்கோல் தின்கிற மாட்டின் பாலில் தழை வாசனை எப்படி வரும்? சென்டர் சட்டப்படி மூன்று நாள் வாசனை அடித்தால் பால் ஊற்றுகிறவர் கார்டை நிறுத்த வேண்டும். நிறுத்தினேன். பொன்னியம்மா கேனைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அம்மா ஜம்மென்று இருந்தாலும் மாடு கெட்டுவிட்டது என்று ஜெயபிரகாஷ் சந்திரகிரி மாட்டு வியாபாரி ரமணாவுக்குப் போன் போட்டான்.

ரமணா வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை, விடிந்ததும் நான் அவர்கள் கொட்டாய்க்குப் போனேன். மாட்டின் வாயையாவது முகர்ந்து பார்க்கலாம் என்று. தட்டியைத் தள்ளினால் பொன்னியம்மா தூணில் சாய்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, இடுப்பில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். என் பாட்டில்! தேய்த்த கையைச் சாம்பல் போட்டுக் கழுவிவிட்டுச் செவலையிடம் குந்தினாள். சாம்பலுக்கும் தண்ணீருக்கும் தைலம் போகுமா? அட மடையா ரங்கா என்று என் தலையில் நானே அடித்துக்கொண்டேன்.

"பெரிம்மா! வாசனை உங்கையில கீது, மாட்டுல இல்ல!"

அவள் தன் கையை முகர்ந்தாள். நாளெல்லாம் அந்த வாசனையிலேயே இருப்பவளுக்கு என்ன தெரியும்? மெல்ல மெல்லத்தான் முகம் மாறியது.

"பிரகாசு கிட்ட சொல்லாதே ரங்கா. இடுப்பு இன்னும் வலிக்குதுன்னு தெரிஞ்சா மாட்டை வித்துடுவான்."

"சொல்லலன்னாலும் விக்கத்தானே போறான்?"

"அப்ப நான் இன்னா பண்றது?"

சொன்னாலும் மாடு போகும், சொல்லாவிட்டாலும் மாடு போகும்.

அதற்குள் ரமணா மினி லாரியோடு வந்துவிட்டான். ஜெயபிரகாஷும் வீட்டிலிருந்து வந்தான். செவலையைச் சுற்றி வந்து உதட்டைப் பிதுக்கினான். "ஏம் பிரகாஷு, வீச்சப் பாலு மாட்டை எந்த டெய்ரிக்காரன் வாங்குவான்? அடிமாட்டுக்குத்தான் போவும். செப்பு, இஷ்டமா?" என்று தெலுங்கு கலந்து கேட்டான்.

பொன்னியம்மா தூணை விட்டுவிட்டு நொண்டிக்கொண்டே முன்னால் வந்தாள். நொண்டுவதை மறைக்கக்கூட இல்லை.

"அடிமாடா? இன்னா பேச்சு பேசற நீ! மாட்டு மேல எந்தக் குத்தமும் கெடையாது. குத்தம் எம்மேல. இடுப்பு வலிக்குத் தைலம் தேச்ச கையால கறந்தேன். பால்ல அதான் ஏறிக்கினு கீது. நம்பலன்னா நீயே சோப்புப் போட்டுக் கழுவிக்கினு வந்து கறந்து பாரு."

அவள் செவலையின் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். ரமணா கையைக் கழுவிவிட்டு வந்து கறந்தான். ஒரு உதைகூட விழவில்லை. சொம்பு என் மூக்குக்கு வந்தது. சுத்தமான பால். என் வாழ்நாளில் நல்ல பால் என்று சொல்ல அவ்வளவு கஷ்டப்பட்டது அன்றுதான்.

"இவ்ளோ வலிய மறைச்சிக்கினு கீறியேம்மா" என்று ஜெயபிரகாஷ் கத்தினான். கத்திக்கொண்டே அழுதான். ரமணாவிடம், கறவை மாடாகவே டெய்ரிக்கு விடுவதானால் ஓட்டிக்கொண்டு போ என்றான். பொன்னியம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை. அவளே கயிற்றை அவிழ்த்து லாரிவரை கூட்டிப்போனாள். வாசனை கையில்தான் என்று நான் அவளிடம் சொன்னது சரியா, சொல்லாமலே இருந்திருக்க வேண்டுமா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

பொங்கல் கழித்து ஜெயபிரகாஷ் அவளைத் திருப்பதியில் ஒரு பிசியோதெரபி டாக்டரிடம் அழைத்துப்போனான். கண் விழித்ததும் எழுந்து ஓடாதே, படுக்கையிலேயே காலை மடக்கி நீட்டு, வெந்நீர்ப் பையைத் துணி சுற்றிக் கொஞ்ச நேரம் வை, புடவைக்குள்ளே கதகதப்பாகப் போட்டுக்கொள், தரையில் குந்தாதே, வெயில் வந்ததும் தினமும் நட. இதுதான் வைத்தியம். எங்கள் வரிசை சொன்னதில் பாதி சரியாம், பாதி தப்பாம்.

அதற்கு அடுத்த நாள் வெயில் ஏறி, வரிசை முடிகிற நேரம். பொன்னியம்மா வந்தாள். புடவைக்குக் கீழே மகனின் டிராக் பேன்ட் எட்டிப் பார்த்தது. நடை கொஞ்சம் தேவலை. கடைசி ஆளுக்குப் பின்னால் போய் நின்றாள். அவள் முறை வந்தது. நான் பழக்கத்தில் கேனுக்குக் கையை நீட்டினேன். அவள் இரண்டு கையும் வெறுமையாக இருந்தது.

"இன்னா பெரிம்மா?"

"டாக்டரம்மா தெனம் நடக்கச் சொன்னாங்கோ ரங்கா. கெளம்பினேன். கால் தானா இங்க வந்து நின்னுச்சி. இதுக்கு வேற எடம் தெரியல. வேற எங்க போவட்டும், நீ சொல்லு."

ஊரில் இருக்கிற தெரு எல்லாம் எனக்குத் தெரியும். சென்டர் கதவைச் சாத்திவிட்டு அவளோடு முதல் தெருவுக்கு நடந்தேன்.