செல்வராசுவை அழைத்துப் போக வந்தவர்கள்

செல்வராசு மறுபடியும் உள்ளே வந்த காலையில், நான் ரிஜிஸ்டரில் எதையோ தேடுவதுபோலத் தலையைக் குனிந்துகொண்டேன். குடித்துவிட்டு வண்டி ஓட்டித் திரும்பத் திரும்பப் பிடிபடுகிறவர்களுக்குச் சிறைக்குள் குடிநிறுத்த வகுப்பு நடத்தும் கவுன்சிலர் நான். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும்.

1. அவர் கேட்டது

செல்வராசு அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் டிப்பர் லாரி ஓட்டியவர். இதற்கு முன் உள்ளே இருந்தபோது, விடுதலைக்கு முந்தின வாரம் என்னிடம் வந்து நின்றார்.

"சார், வெளிய போற அன்னிக்கு என் சம்சாரத்த வரச் சொல்லுங்க. மச்சானுக்கு மட்டும் சொல்லிடாதீங்க."

"ஏங்க?"

"ஜெயில் தீட்டு கழிக்கிறேன்னு வாசல்லேந்தே பிராந்திக் கடைக்கு இழுத்துட்டுப் போயிடுவான் சார். போன தடவ பஸ் ஸ்டாண்டு கூடத் தாண்டல. அவ வந்தா வூடு போய்ச் சேந்துடுவேன். மொத நாள் தாண்டிட்டாப் போதும்."

"கண்டிப்பா சொல்றேன்" என்றேன்.

2. நான் செய்தது

அவர் மனைவி அஞ்சலை ஆண்டிமடத்தில் முந்திரிக்கொட்டை பொறுக்கும் கூலி வேலைக்குப் போகிறவர். இரண்டு நாள், பகல் பதினொரு மணிக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. விடுதலை ஃபாரத்தில் 'அழைத்துச் செல்பவர்' என்ற கட்டம் காலியாகவே கிடந்தது.

"இன்னும் என்னப்பா பாக்குற? மச்சானும் குடும்பந்தான். போட்டு முடி" என்றார் சிறை அதிகாரி.

ஃபைலில் இருந்த மச்சான் நம்பருக்கு அடித்தேன். முதல் ரிங்கிலேயே எடுத்தார். 'குடும்பத்தாரிடம் ஒப்படைக்கப்பட்டார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

விடுதலை அன்று சிறை கேட்டில் மச்சான் மாலையோடு நின்றார். கூட இரண்டு பேர்.

"வா மாப்ள! என்னடா இப்புடி எளச்சுட்ட, வெறும் கஞ்சியத்தான் ஊத்துனானுவளா?"

செல்வராசு திரும்பி என்னைப் பார்த்தார். நான் கையை ஆட்டினேன்.

அன்று மாலையே மீன்சுருட்டி ரோட்டில், மச்சானின் பைக்கைப் போதையில் ஓட்டிப்போய் நடந்துவந்த ஒருவர்மீது மோதினார். அந்த மனிதருக்குக் கால் முறிந்தது.

3. அஞ்சலை கேட்டது

மனு போட்டுக் கணவரைப் பார்க்க வந்த அஞ்சலை, நேராக என்னிடம் வந்தார்.

"எனக்கு ஒரு வார்த்த சொல்லிருக்கக் கூடாதா சார்?"

"ரெண்டு தடவ அடிச்சேங்க. நீங்க எடுக்கல."

"எத்தன மணிக்கு?"

"பதினொண்ணு இருக்கும்."

"முந்திரிக் கொல்லையில குனிஞ்சு கெடக்கயில எவ சார் போன வச்சிருப்பா? பொழுதுசாய வூட்டுக்கு வந்துதான் எடுப்போம். நீங்க டவுன் ஆளு, தெரிஞ்சிருக்காது."

நான் டவுன் ஆள் இல்லை. விக்கிரமங்கலத்தில் என் அம்மா இன்றும் களை எடுக்கப் போகிறார். பகலில் அவருக்கு நான் போன் செய்ததே கிடையாது, ஏழு மணிக்கு மேல்தான். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். ஆபீஸில் நாற்காலி கிடைத்ததும், ஊரே ஆபீஸ் நேரத்தில் போன் எடுக்கும் என்று நினைத்துவிட்டேன். அஞ்சலையிடம் இதைச் சொல்ல வாய் வரவில்லை. "ஆமாங்க" என்று மட்டும் சொன்னேன்.

இப்போது அந்தக் கட்டத்தில், கைதி சொல்கிற பெயரைத்தான் எழுதுகிறேன். ஏழு மணிக்கு மேல் போன் செய்கிறேன்; எடுக்காவிட்டால் பஸ் ஏறிப் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள்.

செல்வராசு வகுப்புக்கு வருவதில்லை. கூப்பிட்டுப் பார்த்தேன்.

"பரவால்ல சார். நீங்க மத்தவங்களப் பாருங்க" என்றார்.