லாரிப் படத்தின் மேல் சிவப்பு

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஒரே லாரியில் தொடங்கி இருபத்தாறு லாரிகளை ஓடவிட்டேன். ஆள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எடை போட்டுவிடுவேன். என் மருமகள் விஷயத்தில்தான் அது பலிக்கவில்லை.

வாடகைக்கு லாரி பிடிக்கும் ஆப் ஒன்றைச் செய்கிற அலுவலகத்தில் இருக்கிறாள். ஆப்பைத் திறப்பவர்களின் விரல் திரையில் எங்கெங்கே படுகிறது என்று படமாக்கிக் கொடுப்பது அவள் வேலை. அதிகம் பட்ட இடம் சிவப்பு, படாத இடம் நீலம். அதைப் பார்த்து மற்றவர்கள் ஆப்பைத் திருத்துவார்கள்.

"அப்போ நான் எங்கே அமுக்குறேன்னும் தெரியுமா?"

"பேரு வராது மாமா. வெறும் நம்பர்தான்."

நான் நம்பவில்லை. அன்றிலிருந்து அவள் எதிரில் போனைக் கவிழ்த்தே வைத்தேன்.

ஒரு மாலை முகம் வாடி வந்தாள்.

"லாரிப் படத்து மேல ஒரே சிவப்பு, மாமா. அது சும்மா படம். பட்டன் கீழே இருக்கு. யாரோ ஒரு கிறுக்கன் விடாம குத்தியிருக்கான், இல்லேன்னா நானே சிவப்பு பூசிட்டேன்னு எங்க தலைவர் சொல்றார். அது நிஜம்னு நாளைக்கு நிரூபிக்கலைன்னா என் வேலையை வேற ஆளுக்குக் குடுத்துடுவாராம்."

கிறுக்கன் என்றபோது என்னைப் பார்த்தாளோ? போன வாரம் என் லாரிகள் எல்லாம் வெளியே போயிருந்தன. வாடகை லாரி பிடிக்க அவள் ஆப்பில் அந்தப் படத்தைத்தான் குத்திக் குத்தி விரல் வலித்தது; லாரி வரவில்லை. வேவு பார்த்துவிட்டு வாயைக் கிளறுகிறாளோ என்று சந்தேகம். ஆனாலும் அவள் பிழைப்பாயிற்றே.

"அந்தக் கிறுக்கன் நான்தான்மா. அறுபது தடவை இருக்கும்."

அவள் சிரிக்கவில்லை. கணினியைத் திறந்தாள்.

"ஒருத்தர் எத்தனை தடவை குத்தினாலும் ஒரே புள்ளின்னு மாத்திப் போடுறேன்."

சிவப்பெல்லாம் என்னுடையது என்றால் இப்போது மறைந்துவிடும். கொஞ்சம் வெளுத்தது, ஆனால் போகவில்லை. முந்நூற்று நாற்பது பேர் அதே இடத்தில் குத்தியிருந்தார்கள்.

மறுநாள் தலைவர் குத்தியவர்களின் நம்பர் பட்டியலை வாங்கித் தானே எண்ணிப் பார்த்தாராம். வேலை அவளிடமே நின்றது. அடுத்த வாரம் லாரிப் படத்தை அமுக்கினாலே லாரி வந்தது.

"இதுல நான் எங்கே?" என்றேன், அந்தப் பழைய சிவப்புப் படத்தைப் பார்த்து. ஒரு புள்ளியைக் காட்டினாள்.

"இருபத்தாறு லாரி வச்சவனுக்கு ஒத்தைப் புள்ளியா? சரி, பேரு வராதுன்னியே?"

"ஒரே போன்ல அறுபத்திரண்டு தடவை. வேற யாரு மாமா?"

கெட்டிக்காரிதான். போனை இன்னும் கவிழ்த்தே வைக்கிறேன்.